ஆஃப்-ரோடில் டயர் காற்றைக் குறைக்க எந்தக் கருவி? எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

மணல், பாறை, சரளை என்று தார் ரோடு இல்லாத பாதையில் ஓட்டுவதற்காக டயர் காற்றைக் குறைக்க எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். திரும்பக் காற்று அடிக்க வண்டியில் கம்ப்ரஸர் இருக்கிறதா? நீங்கள் இறக்கப்போகும் அழுத்தம் எப்போதும் ஒன்றேதானா, இல்லை இடத்துக்கு இடம் மாறுமா?

முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் டிஃப்ளேட்டர் (காற்றை இறக்கும் கருவி) பேச்சை இங்கேயே நிறுத்திவிட்டு அந்தக் காசைக் கம்ப்ரஸருக்குப் போடுங்கள். காற்றை இறக்க ஒரு குச்சி போதும், ஏற்றக் குச்சி உதவாது. இரண்டாவது கேள்விதான் கருவியை முடிவு செய்யும் கேள்வி. ஆனால் பெட்டி மேலும் விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் இருப்பதெல்லாம் 'எத்தனை விநாடியில் இறங்கும்' என்பதுதான். நான்கு டயரிலும் காற்று இறக்குவதில் மிச்சம் பிடிக்கும் ஐந்து நிமிடம், சாயங்காலம் கம்ப்ரஸர் முன்னால் உட்காரும் நேரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கு முதலிடம் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

## முதலில் சில எண்கள்

தார் ரோட்டில் 32 முதல் 36 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை ஓடும் ஒரு சாதாரண நான்கு சக்கர இழுவை வண்டியை எடுத்துக்கொள்வோம். சரளைப் பாதை என்றால் 25-28, பாறை என்றால் 18-22, மணல் என்றால் 15-18, புதைந்து மாட்டிக்கொண்டால் 12 வரை. அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து வந்துவிடும், பீட்லாக் ரிம் (டயரின் விளிம்பைக் கழலாமல் இறுக்கிப் பிடிக்கும் ரிம்) இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். வண்டியின் எடை, டயரின் அளவு, சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்து இவை இரண்டு மூன்று புள்ளி மேலே கீழே போகும். 'பார்' என்ற அலகில் பழகியவர்களுக்கு, 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ.

காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும், தரையில் படும் நீளம்தான் நன்றாகக் கூடும். அந்த நீளம்தான் வண்டியின் எடையைப் பரப்பி மணலில் புதையாமல் மிதக்க வைக்கிறது. கூடவே சைடுவால் அதிகமாக மடங்கும், மடங்க மடங்கச் சூடாகும், அதனால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். 20-க்குக் கீழே இறக்கினால் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை என்பது நான் வைத்திருக்கும் வரம்பு.

இன்னொரு விஷயம், கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது உதவும். காற்று வெளியேறும் வேகம் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தத்தைப் பொறுத்தது, அதனால் இறங்க இறங்க மெதுவாகும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 35-லிருந்து 25-க்கு வர ஆகும் நேரத்தைவிட 25-லிருந்து 15-க்கு வரக் கால் பங்குக்கும் மேல் கூடுதலாக ஆகும். சரளை வரைக்கும் போகிறவருக்கு எந்தக் கருவியும் சரிதான் என்று தோன்றுவதும், மணலுக்குப் போகிறவர் பொறுமை இழப்பதும் இதனால்தான்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது இவைதான், இந்த வரிசையிலேயே.

முதலாவது, நான்கு டயரும் ஒரே அளவில் நிற்கிறதா. ஒன்று 18-லும் பக்கத்து டயர் 14-லும் நின்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அதைவிட மோசம், 14-ல் இருக்கும் டயர்தான் கல்லில் சைடுவாலைக் கிழித்துக்கொள்ளும். இரண்டாவது, அளவை மாற்றுவது எவ்வளவு சுலபம். மூன்றாவது, மண்ணும் மணலும் ஈரமும் பட்டால் அந்தக் கருவி என்ன ஆகும், அதில் தொலையக்கூடிய சின்னப் பாகம் ஏதாவது உண்டா. நான்காவது, உங்கள் வீலில் இருக்கும் வால்வுக்கு அது ஒத்துவருமா. இதைப் பலர் வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். ரப்பர் வால்வா, உலோக வால்வா, உள்ளே டயர் அழுத்த சென்சார் இருக்கிறதா, வீல் கப் இடிக்கிறதா என்பதெல்லாம் இதில் வரும். ஐந்தாவதாகத்தான் வேகம். விலையைக் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் இந்தப் பொருள்களில் விலையைவிட மறைந்திருக்கும் செலவு முக்கியம். அழுத்தத்தை அளக்கும் கேஜ் தனியாக வாங்க வேண்டுமா, வால்வு கோர் (வால்வுக்குள் திருகியிருக்கும், காற்றை அடைத்து வைக்கும் சின்னப் பாகம்) மாற்ற வேண்டி வருமா, ரிம்மில் கை வைக்க வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் பார்ப்போம்.

## குச்சி, சாவி, பேனா மூடி

வால்வு நடுவில் இருக்கும் சின்ன ஊசியை எதையாவது வைத்து அழுத்தினால் காற்று வரும். செலவு இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. எல்லாக் கருவியும் வீட்டில் இருக்கும்போது இதுதான் கைகொடுக்கும், அதனால் கேவலமாகப் பேச மாட்டேன்.

ஆனால் குனிந்தபடி ஒவ்வொரு டயராக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விரல் வலிக்கும், நடுநடுவே நிறுத்திக் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பார்க்கச் சோம்பல்பட்டு 'நூறு எண்ணும் வரை அழுத்தினால் போதும்' என்று கணக்கு வைப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு மூன்றாவது டயரில் விரல் களைத்து நழுவும்போது போய்விடும். இன்னொரு மறைமுகச் செலவு, மணல் ஒட்டிய குச்சியால் அழுத்தினால் ஒரு துகள் வால்வு கோரின் ரப்பரில் போய் உட்கார்ந்துகொள்ளும், ராத்திரி முழுக்க மெல்லக் காற்று இறங்கும். பஞ்சர் கடைக்காரர் செய்வதுபோல வால்வு வாயில் கொஞ்சம் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள், குமிழி வந்தால் ஊசியை ஓரிரு முறை விரைவாகத் தட்டி விடுங்கள், பெரும்பாலும் துகள் காற்றோடு வெளியே வந்துவிடும்.

வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் சரளைப் பாதைக்கு மட்டும் என்றால் இதோடு ஒரு நல்ல கேஜ் போதும்.

## கேஜோடு சேர்ந்த பொத்தான்

ஒரு கையளவு கேஜ், ஒரு குட்டைக் குழாய், பக்கத்தில் காற்றை விடும் பொத்தான். வால்வில் மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் இறங்கும், விட்டால் நிற்கும், முள் சரியான அளவைக் காட்டும். பல கம்ப்ரஸர் குழாய்களிலேயே இந்தப் பொத்தான் இருக்கிறது, தனியாக வாங்கும் முன் உங்கள் கம்ப்ரஸரை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

துல்லியத்தில் இதை அடிக்க ஆள் கிடையாது. ஒரு பிஎஸ்ஐ, அரை பிஎஸ்ஐ என்று கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். குறை என்னவென்றால் வால்வு கோர் உள்ளேயே இருக்கிறது, காற்று அந்தச் சின்ன இடுக்கு வழியாகத்தான் வர வேண்டும், அதனால் மெதுவோ மெது. பெரிய டயரை 36-லிருந்து 16-க்குக் கொண்டுவர இதை வைத்திருந்தால் உங்கள் கூட வந்தவர்கள் டீ குடித்து முடித்துவிடுவார்கள்.

நான் இதைத் தனிக் கருவியாகப் பார்ப்பதில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் துணையாகப் பார்க்கிறேன். கீழே வரப்போகும் எந்தக் கருவியை வாங்கினாலும் அளவைச் சரிபார்க்க ஒரு நம்பகமான கேஜ் வேண்டும், அது இதுவாகவே இருக்கட்டும். கேஜ் வாங்கும்போது முள் எதுவரை போகிறது என்று பாருங்கள். 0 முதல் 100 வரை உள்ள கேஜில் பிழை முழு அளவில் 2 சதவீதம் என்றால் அது 2 பிஎஸ்ஐ, 15-ல் நிற்க வேண்டிய டயருக்கு அது பெரிய வித்தியாசம். 0 முதல் 60 வரை உள்ளதில் அதே 2 சதவீதம் 1.2 பிஎஸ்ஐதான். ஆஃப்-ரோடுக்கு 60-ஐத் தாண்டும் கேஜ் நமக்கு எதற்கு?

## வால்வு கோரைக் கழற்றி எடுக்கும் டிஃப்ளேட்டர்

ஏஆர்பி நிறுவனத்தின் ஈ-இசட் டிஃப்ளேட்டர் இந்த வகையில் எல்லாருக்கும் தெரிந்த பெயர், அதே வடிவத்தில் வேறு பல தயாரிப்புகளும் வருகின்றன. வடிவம் எளிது. பித்தளை உடம்பு, அதன் ஒரு முனை வால்வில் திருகிக்கொள்ளும், மறு முனையில் பின்னால் இழுக்கக்கூடிய ஒரு கைப்பிடி, நடுவில் காற்று வழியைத் திறந்து மூடும் உறை, மேலே கேஜ்.

முதல்முறை பயன்படுத்துகிறவருக்கு இது கொஞ்சம் பயமாக இருக்கும் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். உடம்பை வால்வில் திருகுகிறீர்கள். கைப்பிடியை உள்ளே தள்ளி, கோரின் தலையைக் கவ்வும்வரை லேசாகச் சுற்றி, பிறகு இடப்பக்கமாகத் திருப்பினால் கோர் மரையிலிருந்து விடுபடும். அந்த நொடி கையில் தெரியும், உள்ளிருக்கும் காற்றே கைப்பிடியைப் பின்னுக்குத் தள்ளும். இப்போது கோர் கருவிக்குள் பத்திரமாக இருக்கிறது, வால்வு முழுத் துளையும் திறந்திருக்கிறது. உறையை இழுத்தால் காற்று சீறிக்கொண்டு வரும், பித்தளை விரலில் சில்லென்று ஆகும். சில விநாடி கழித்து உறையை மூடிக் கேஜைப் பாருங்கள். மூடிய பிறகுதான் பார்க்க வேண்டும், காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது முள் காட்டுவது டயரின் அழுத்தம் அல்ல. இந்த ஒரு விஷயம் தெரியாமல் 'கேஜ் பொய் சொல்கிறது' என்று கருவியைத் திட்டுபவர்கள் நிறைய. அளவு வந்ததும் கைப்பிடியைத் தள்ளி வலப்பக்கம் திருகிக் கோரை உட்கார வைத்துவிட்டு, அதன் பிறகுதான் உடம்பைக் கழற்ற வேண்டும். அவசரத்தில் வரிசை மாறினால் கோர் மணலுக்குள் பறந்துபோகும், டயர் தரையோடு தரையாகிவிடும்.

ஒரு டயருக்கு இதைவிட வேகமான கையடக்கக் கருவி கிடையாது. அளவை நினைத்தபடி மாற்றலாம், முன்னால் 18 பின்னால் 20 என்றாலும் சரி, கடற்கரையில் இறங்கியபின் 'இன்னும் இரண்டு குறைப்போம்' என்றாலும் சரி. ஆனால் நீங்கள் டயர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நான்கு டயருக்கும் நான்கு தடவை உட்கார்ந்து எழ வேண்டும். முட்டி வலிக்காரர்கள் இதை லேசாக எடுக்க வேண்டாம்.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, கோர் தேயும். அடிக்கடி கழற்றி மாட்டுவதால் அதன் சின்ன ரப்பர் வளையம் உரசிப்போகும், மணல் ஒட்டினால் இன்னும் சீக்கிரம். உதிரிக் கோர் நாலைந்து எப்போதும் வண்டியில் இருக்கட்டும், விலை ஒன்றும் பெரிதல்ல. இரண்டு, உங்கள் வீலில் அழுத்த சென்சாரோடு அலுமினிய வால்வு இருந்தால் அதற்கு நிக்கல் பூசிய கோர்தான் போட வேண்டும். சாதாரணப் பித்தளைக் கோரைப் போட்டால் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று அரித்து இறுகிவிடும், கடற்கரை உப்பில் அது இன்னும் வேகமாக நடக்கும். அப்புறம் கோர் வராது, வால்வே உடையும், சென்சாரோடு சேர்த்து மாற்ற வேண்டி வரும். டிஃப்ளேட்டரில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும்.

ரப்பர் வால்வுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கேஜோடு இந்தக் கருவி கனமானது. திருகிவிட்டுக் கையை எடுத்து அதைத் தொங்க விடாதீர்கள், பழைய ரப்பர் அடிப்பகுதியில் வெடித்துவிடும்.

## தானாக நிற்கும் திருகு டிஃப்ளேட்டர்

விரல் பருமனுக்குச் சின்னதாக, பித்தளையில், நான்காகச் சேர்த்து ஒரு பையில் வரும். ஸ்டான் என்ற பெயரில் வருபவை இந்த வகையில் பழையவை. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு அடைப்பு. டயரின் அழுத்தம் ஸ்பிரிங்கைத் தள்ளும்வரை காற்று வெளியேறும், ஸ்பிரிங்கின் பலத்துக்குக் கீழே அழுத்தம் போனதும் அடைப்பு மூடிக்கொள்ளும். மூடியைத் திருகி ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றினால் நிற்கும் அளவு மாறும். சில மாடல்கள் வால்வில் திருகியதுமே தொடங்கும், சிலவற்றில் வளையத்தைப் பிடித்து ஒரு முறை இழுத்து விட வேண்டும்.

வால்வு கோர் உள்ளேயே இருப்பதால் ஒரு டயர் என்று பார்த்தால் இது மெதுவானது. ஆனால் நான்கும் ஒரே நேரத்தில் இறங்குகின்றன, நீங்கள் நான்கையும் மாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். சாமான் கட்டலாம், இழுவைக் கயிறை எடுத்து வைக்கலாம், பாதையை நடந்து பார்க்கலாம். கடிகாரத்தில் நேரம் குறையவில்லை, உங்கள் நேரம் மிச்சமாகிறது. இந்த வித்தியாசத்தை வேகப் போட்டி வீடியோக்கள் காட்டுவதே இல்லை.

இதன் பலவீனமும் அங்கேதான். அது நிற்பது நீங்கள் முன்பே வைத்த அளவில் மட்டும். 18-க்கு வைத்த நான்கு டிஃப்ளேட்டரைக் கொண்டு 25-ல் நிறுத்த வேண்டுமென்றால் நடுவில் நின்று கழற்ற வேண்டும், அப்படிச் செய்வதற்கு இதை ஏன் வாங்கினோம்? அளவை மாற்றுவதோ பொறுமையைச் சோதிக்கும் வேலை. பூட்டு வளையத்தைத் தளர்த்தி, மூடியைக் கால் சுற்று திருகி, டயரில் மாட்டிப் பார்த்து, கேஜ் வைத்து அளந்து, மறுபடி திருகி, இதையே நான்குக்கும் செய்ய வேண்டும். பாதை ஓரத்தில் செய்யக்கூடியது அல்ல. முன், பின் அளவு வேறு என்றால் இரண்டு இரண்டாகப் பிரித்துச் சாயத்தால் அடையாளம் போட்டு வையுங்கள், கலந்துவிட்டால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயர் சூடாக இருக்கும், உள்ளே அழுத்தம் நாலைந்து புள்ளி கூடியிருக்கும். ரோட்டு அழுத்தத்தில் 10 டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளலாம். சூடான டயரில் 18-ல் நின்ற டிஃப்ளேட்டர், ராத்திரி கூடாரம் போட்டுத் தூங்கி எழுந்தால் 15, 16 என்று காட்டும். கருவியின் தப்பில்லை. எல்லாக் கருவிக்கும் இது பொருந்தும், ஆனால் கேஜ் பார்த்து இறக்குகிறவர் மனக்கணக்கில் ஒன்றிரண்டு கூட்டி நிறுத்திக்கொள்வார், ஸ்பிரிங்குக்கு அந்த யோசனை வராது.

தூசி போனால் அடைப்பு முழுசாக மூடாது, மெல்லக் கசியும். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்தபின் எடுத்தால் முதலில் ஒரு டயரில் போட்டுச் சோதியுங்கள். மறந்துபோய் மாட்டியபடியே வண்டியை எடுத்துவிடுவதும் நடக்கும். அப்படி ஓட்டினால் கல்லில் அடிபட்டு வால்வோடு போகும். அதற்கு ஒரு எளிய வழி, கழற்றிய நான்கு வால்வு மூடிகளையும் டிஃப்ளேட்டர் பையில் போட்டு, அந்தப் பையை ஸ்டியரிங் மேல் வைத்துவிடுங்கள்.

## நான்கு டயருக்கும் ஒரே குழாய்

நான்கு நீளக் குழாய், நடுவில் ஒரு கேஜ், ஒரு திறப்பு. நான்கு வால்விலும் மாட்டித் திறந்தால் நான்கும் சேர்ந்து இறங்கும், குழாய் வழியே ஒன்றோடொன்று சமமாகிக்கொள்ளும். அளவை நின்றபடி, ஒரே இடத்திலிருந்து, நினைத்த எண்ணுக்கு மாற்றலாம். நான் மேலே சொன்ன முதல் இரண்டு அளவுகோலையும் நான்கு டயருக்கும் ஒரே நேரத்தில் தாண்டும் கருவி இது ஒன்றுதான். அதோடு திரும்பக் காற்று அடிக்கும்போதும் இதே குழாயில் கம்ப்ரஸரை மாட்டிவிட்டால் நான்கும் சேர்ந்து ஏறும். என்னைக் கேட்டால் இதன் உண்மையான மதிப்பு இறக்குவதில் இல்லை, ஏற்றுவதில்தான். கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று டயர் மாற்றி டயர் ஓட வேண்டியதில்லை.

ஆனால் கவனியுங்கள், நான்கு டயரின் காற்றையும் ஒரே மூச்சில் ஏற்றச் சின்னக் கம்ப்ரஸர் திணறும். மொத்தக் காற்று ஒன்றுதான், ஆனால் நடுவில் டயர் மாற்றும் இடைவெளியில் அதற்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஓய்வு போய்விடும், சூடேறி நின்றுவிடும். தொடர்ந்து ஓடத் தாங்கும் கம்ப்ரஸர் இல்லாமல் இதை வாங்குவது பாதிப் பலன்தான். இதுதான் இதன் மறைமுகச் செலவு. அப்புறம் இடம். சுருட்டி வைத்தால் ஒரு பை முழுக்க, அதுவும் ஈர மணலோடு சுருட்டினால் அடுத்த தடவை இணைப்பு வாயில் கரகரவென்று இருக்கும். ஒரு இணைப்பு கசிந்தால் நான்கு டயரும் சேர்ந்து இறங்கும் என்பதால் குழாயை மாட்டிவிட்டு ரொம்ப தூரம் போக வேண்டாம். முன், பின் அளவு வேறு என்றால் இரண்டு இரண்டாகத்தான் செய்ய வேண்டும்.

## வீலிலேயே பொருத்தும் பெரிய வால்வு

ரிம்மில் இன்னொரு துளை போட்டு, அல்லது இருக்கும் வால்வையே மாற்றி, பெரிய வாயுள்ள வால்வைப் பொருத்துவது. தலையைத் திறந்தால் டயர் கண்ணெதிரே உட்காரும். பாறையேறுபவர்கள், பெரிய டயர் போட்டவர்கள், வாரம் தவறாமல் போகிறவர்கள் இதை விரும்புகிறார்கள், காரணம் புரிகிறது. ஆனால் நல்ல ரிம்மில் துளை போடுவது திரும்பப் பெற முடியாத வேலை, வால்வு வெளியே துருத்தி நின்றால் பாறையில் உரசும், ரிம்மில் கை வைத்ததற்கு உங்கள் ஊர்ச் சட்டமும் ரிம் தயாரிப்பாளரின் உத்தரவாதமும் என்ன சொல்லும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையைப் படித்து முடிவெடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு இது தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கும் மேலே ஒரு படி, ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டயர் காற்றைக் கூட்டிக் குறைப்பது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீரிலும் நிலத்திலும் ஓடிய ஜிஎம்சி டியூகேடபிள்யூ வண்டியிலேயே அது இருந்தது, கடலிலிருந்து மணலுக்கு ஏறும்போது இறக்கிக்கொண்டு, ரோட்டுக்கு வந்ததும் ஏற்றிக்கொள்வார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் வண்டியில் அதைப் பொருத்த ஆகும் செலவில் வேறு பல வேலைகள் செய்துவிடலாம்.

## ஒரே பார்வையில்

| கருவி | ஒரே அளவில் நிறுத்துவது | அளவை மாற்றுவது | வேகம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| குச்சி, சாவி | உங்கள் பொறுமையைப் பொறுத்தது | சுலபம் | மிக மெது | தனிக் கேஜ், கசியும் கோர் |
| கேஜ் பொத்தான் | மிக நன்று | சுலபம் | மெது | நேரம் மட்டும் |
| கோர் கழற்றும் டிஃப்ளேட்டர் | நன்று, நிறுத்திப் பார்த்தால் | சுலபம் | டயருக்கு மிக வேகம் | உதிரிக் கோர், அலுமினிய வால்வு அரிப்பு |
| தானாக நிற்பது | நன்று, அளவு சரியாக வைத்திருந்தால் | கடினம் | மெது, ஆனால் நான்கும் சேர்ந்து | அளவு வைக்கும் வேலை, தூசி |
| நான்கு குழாய் | மிக நன்று | சுலபம் | நடுத்தரம், நான்கும் சேர்ந்து | பலமான கம்ப்ரஸர், இடம் |
| வீலில் பெரிய வால்வு | கேஜைப் பொறுத்தது | சுலபம் | எல்லாவற்றிலும் வேகம் | ரிம் வேலை, அடிபடும் ஆபத்து |

## சரி, யாருக்கு எது

ஒரே கடற்கரை, ஒரே மணல் மேடு என்று எப்போதும் ஒரே மாதிரி இடத்துக்குப் போகிறவர், தனியாகவோ குழந்தைகளோடோ போகிறவர் என்றால் தானாக நிற்பதை வாங்கலாம். ஒருமுறை உட்கார்ந்து அளவு வைத்துவிட்டால் அதன் பிறகு யோசிக்கவே வேண்டாம்.

காலையில் சரளை, மதியம் பாறை, சாயங்காலம் ஆற்று மணல் என்று ஒரே நாளில் மூன்று விதமாக ஓட்டுகிறவருக்குக் கோர் கழற்றும் வகைதான். இப்படி ஓட்டுகிறவர் தானாக நிற்பதை வாங்கினால் இரண்டாவது பயணத்திலேயே அது பெட்டிக்குள் போய்விடும். ஆனால் வீலில் அலுமினிய வால்வு இருந்து, வண்டி வருஷக்கணக்கில் உப்புக் காற்றில் ஓடியிருந்தால், முதல்முறை கோரைக் கழற்றுவதை நடுக்காட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். டயர் கடையில், மாற்று வால்வு கையில் இருக்கும்போது செய்யுங்கள். அங்கேயே கோர் அசைய மறுத்தால் இந்தக் கருவி உங்களுக்கு இல்லை, கேஜ் பொத்தானோ நான்கு குழாயோ பாருங்கள்.

பெரிய டயர், நல்ல கம்ப்ரஸர், மாதத்துக்குப் பல தடவை பயணம் என்றால் நான்கு குழாய். குனிய முடியாதவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன், வால்வில் மாட்டக் குனிவதோடு சரி.

கூட்டமாக நாலைந்து வண்டி போகிறீர்கள் என்றால் ஆளாளுக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. கோர் கழற்றும் கருவி இரண்டு, நல்ல கேஜ் ஒன்று இருந்தால் வரிசையாகச் செய்துகொண்டே போகலாம். ஆனால் எல்லா வண்டிக்கும் அளப்பது அந்த ஒரே கேஜாக இருக்கட்டும். இரண்டு கேஜ் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம், பாதி வண்டி ஒன்றிலும் மீதி இன்னொன்றிலும் அளந்தால் யாருடைய 16 உண்மையான 16 என்ற வாக்குவாதத்திலேயே பொழுது போய்விடும்.

எப்போதாவது போகிறவர், இனிமேல்தான் பழகப் போகிறவர் என்றால் கேஜ் பொத்தானோடு தொடங்குங்கள். மெதுவாக இருக்கும், இருக்கட்டும். எந்த அளவில் உங்கள் வண்டி மணலில் நன்றாக மிதக்கிறது என்று தெரியாதபோது வேகமான கருவியால் என்ன பயன்? அந்த அளவு கைவந்த பிறகு, அது மாறாமல் ஒரே எண்ணாக இருக்கிறதா, இடத்துக்கு இடம் அலைகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும், எதை வாங்குவது என்பதும் அதோடு முடிவாகிவிடும்.

எதை வாங்கினாலும் முதல் சோதனையை வீட்டு வாசலில், ஸ்டெப்னியில் செய்யுங்கள். மரை சரியாக உட்காருகிறதா, கருவிக்கும் ரிம்முக்கும் நடுவில் விரல் போக இடம் இருக்கிறதா, சொன்ன அளவில் நிற்கிறதா என்று எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். முடித்ததும் ஸ்டெப்னிக்கு மறக்காமல் முழுக் காற்று அடித்து வையுங்கள்.